ஒரே ஒரு தில்லைநாயகம்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் மனுஷனுக்குக் கோபம் வராது என்பார்கள். சுபேதார் சங்கரபாண்டிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து ஐந்தருவி போகும் சாலையில் ஒரு சின்ன லாட்ஜ் நடத்தினார். சீசனுக்கு வந்து தங்குகிறவர்கள் விடியும் முன்னே எழுந்து, எண்ணெய் தேய்த்து, வரிசையாக அருவிக்குப் போய், வரிசையாகத் திரும்ப வேண்டும். ஈரத்துண்டைக் கைப்பிடிச் சுவரில் காயப் போட்டவருக்கு அடுத்த வருஷம் அறை கிடையாது. அப்படி இருந்தும் அந்த லாட்ஜ் ஒரு சீசனிலும் காலியாகக் கிடந்ததில்லை. திட்டு வாங்கிக்கொண்டு குளிப்பதிலும் ஒரு சுகம் இருக்கும் போலிருக்கிறது.

அவருக்கு ஒரே மகள், அகிலாண்டம். தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவளைத்தான் சுந்தரபாண்டியபுரத்து ஹவில்தார் தில்லைநாயகத்துக்குப் பேசியிருந்தார்கள். ஆனி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூ வைப்பது, ஆவணியில் கல்யாணம். எண்பத்தேழாம் வருஷத்துச் சங்கதி இது. தில்லைநாயகத்தை வீட்டில் துரை என்று கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம், கொஞ்ச நேரத்தில் அது வசதியாக இருக்கும்.

பெண் பார்க்கப் போன அன்று அகிலாண்டம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். ஏதாவது பேச வேண்டுமே என்று துரை, "வேலையெல்லாம் எப்படி?" என்று கேட்டுவைத்தான்.

"ஊருச் சண்டை, சமாதானம் அம்புட்டும் என் காது வழியாத்தான் போவுது," என்றாள் அவள். "ஆனா நான் ஒண்ணையும் கேக்கலேன்னு இருக்கணும். அதான் ரூல்."

துரைக்கு அந்தக் குரல் அங்கேயே பிடித்துப் போயிற்று. முகமும் பிடித்திருந்தது, அது வேறு விஷயம். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சாரல் முகத்தில் அடிக்க அடிக்க, காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மாமனாராகப் போகிறவருக்கும் மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. அதற்குக் காரணம் மாப்பிள்ளையின் வேலை. பட்டாளத்தில் ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஒரு ரெக்கார்டு ஆபீஸ் உண்டு. ஒவ்வொன்றும் தன் ஆட்களின் விவரத்தைத் தன் இஷ்டப்படி வைத்திருந்தது. ஒரு இடத்தில் கையால் எழுதிய அட்டை, இன்னொரு இடத்தில் ஓட்டை போட்ட கார்டு, இரண்டு மூன்று இடங்களில் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டர்களும் பங்காளிச் சண்டை போட்டவர்கள் மாதிரி ஒன்றோடொன்று பேசாது. அத்தனையையும் ஒரே இடத்தில் சேர்த்து, எந்த ஆபீஸிலிருந்து கேட்டாலும் டெலிபோன் கம்பி வழியாக ஒரே பதில் வரும்படி செய்கிற வேலை வடக்கே ஒரு கண்டோன்மெண்டில் மூன்று வருஷமாக நடந்துகொண்டிருந்தது. துரை அதில் இருந்தான்.

"ஒரே ஆளு ரெண்டு இடத்துல பதிவாகியிருந்தா என்ன செய்வீங்க?" என்று சுபேதார் கேட்டார்.

"ரெண்டாவத எடுத்திருவோம் மாமா. அதுக்கு ஒரு விதி எழுதியிருக்கு. நான்தான் எழுதுனேன். பேரு, தகப்பன் பேரு, சொந்த ஊரு, பிறந்த தேதி, நாலும் ஒண்ணா இருந்தா அது ஒரே ஆளுதான். பட்டாள நம்பரப் பாக்க மாட்டோம். ரெஜிமெண்டு மாறுனா சிலருக்கு நம்பரும் மாறிப்போவும்லா. அப்படி நாலாயிரம் பேருக்கு மேல கழிச்சாச்சு."

"நாலாயிரமா. கம்ப்யூட்டரு தப்பே செய்யாதோ?"

"அதுக்குத் தப்பு செய்யத் தெரியாது மாமா."

சுபேதார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்க்கை முழுக்க மனுஷர்களுடைய தப்பைத் திருத்தியே களைத்துப் போனவருக்கு, தப்பே செய்யத் தெரியாத ஒன்று உலகத்தில் வந்துவிட்டது என்ற செய்தி அமிர்தமாக இருந்தது. அன்றே தன் பழைய சிநேகிதர் ஒருவருக்குக் கடிதம் போட்டார். சிநேகிதர் ஒரு ரெக்கார்டு ஆபீஸில் வேலையாக இருந்தார், அங்கே புது மிஷினை வெள்ளோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். என் மாப்பிள்ளையின் விவரத்தை அந்தப் புது மிஷினில் கேட்டு ஒரு காகிதம் அனுப்பு, சந்தேகம் ஒன்றும் இல்லை, அது வேலை செய்கிற அழகைப் பார்க்கத்தான் என்று எழுதினார்.

காகிதம் புதன்கிழமை வந்தது. பூ வைக்க நாலு நாள் இருந்தது. சுபேதார் தென்காசி பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பி, துரையை உடனே வரச் சொன்னார். விருந்தாக இருக்கும் என்று நினைத்துத் துரை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான்.

"உக்காருங்க ஹவில்தார்," என்றார் சுபேதார். முந்தின வாரம் வரைக்கும் மாப்பிள்ளை.

துரை உட்கார்ந்தான்.

"உலகம்மாங்கது யாரு?"

"எங்க மதினி, மாமா. பெரியப்பா மகன் ராசுவோட சம்சாரம்."

"பட்டாளம் வேற மாதிரில்லா சொல்லுது."

இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட, பச்சைக் கோடு போட்ட நீளக் காகிதம் ஒன்றை மேஜையில் விரித்தார். முதலில் துரைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எழுத்துகள் அவ்வளவு நேராக, அழகாக விழுந்திருந்தன. அப்புறம் படித்தான். என். தில்லைநாயகம். தகப்பன் பெயர் நல்லகண்ணு. ஊர் சுந்தரபாண்டியபுரம். மனைவி உலகம்மாள். பெண் குழந்தைகள் இரண்டு. இந்த விவரங்களுக்குப் பொருந்துகிறவர்கள்: ஒருவர்.

யாரும் சொல்லாமலே துரைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதுதான் கொடுமை.

விஷயம் இதுதான். துரையின் தாத்தா பெயர் தில்லைநாயகம். அவருக்கு இரண்டு பையன்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டபடி இருவருக்கும் நல்லகண்ணு என்றே பெயர் வைத்தார். ஊருக்குள் பெரிய நல்லகண்ணு, சின்ன நல்லகண்ணு. இருவருக்கும் கல்யாணமாகித் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தது. தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். இருவரும் வைத்தார்கள். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் மூத்தவள் தன் பிள்ளையை ராசு என்றாள், இளையவள் துரை என்றாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாள் வந்தது. தலைக்கு மேலாகக் கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொட்டால் அஞ்சு வயசு ஆகிவிட்டது என்று கணக்கு. இரண்டு பேரும் தொட்டார்கள். தலைமை ஆசிரியர் அன்று காதைத் தொட்ட எல்லாருக்கும் ஒரே பிறந்த தேதியை எழுதினார். பெரிய, சின்ன என்பதெல்லாம் பெயரில்லை என்று விட்டுவிட்டார்.

இரண்டு பேரும் வளர்ந்து பட்டாளத்தில் வெவ்வேறு ரெஜிமெண்டில் சேர்ந்தார்கள். ராசு அஸ்ஸாமில் லாரி ஓட்டினான். அவனுக்குத்தான் உலகம்மாள், அவனுக்குத்தான் இரண்டு பெண் குழந்தைகள். பெயர் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று, ஊர் ஒன்று, தேதி ஒன்று. துரை எழுதிய விதி துரையையே எடுத்துப் போட்டுவிட்டது. நாலாயிரம் பேரைக் கழித்த அன்று அவன் எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டானே தவிர, பெயர்களைப் படிக்கவில்லை. பஞ்சாபிலோ வங்காளத்திலோ பிறந்தவன் அந்த விதியை எழுதியிருந்தால் மன்னிக்கலாம். தெருவுக்கு நாலு சுடலைமுத்தும், அத்தனை பேருக்கும் ஒரே பிறந்த தேதியும் இருக்கிற சீமையில் பிறந்தவன் எழுதலாமா?

இதையெல்லாம் துரை எடுத்துச் சொன்னான். சுபேதார் பொறுமையாகக் கேட்டார்.

"கம்ப்யூட்டருக்குத் தப்பு செய்யத் தெரியாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான் மாமா."

"அன்னைக்குச் சொன்னது நெசமா, இன்னைக்குச் சொல்லுதது நெசமா?"

"ஊர்ல வேணும்னா விசாரிச்சுப் பாருங்க."

"ஊரா?" என்றார் சுபேதார். "ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லி வச்சதே ஊருதானவே."

மறுநாள் காலையில் துரை சாட்சிகளோடு வந்தான். அம்மா வந்தாள். உலகம்மாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்யாணப் போட்டோவையும் எடுத்துக்கொண்டு வந்தாள். மரியாதையாக இருக்கட்டும் என்று துரை யூனிபாரம் போட்டிருந்தான். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சுபேதார் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாப்பிள்ளை கழுத்து மாலை மோவாய் வரைக்கும் ஏறியிருந்தது. மேலே தெரிந்த மூக்கு தாத்தா தில்லைநாயகத்தின் மூக்கு. அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் அதே மூக்குதான். போட்டோவைத் துரையின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஏம்மா, உம் புருஷன் பேரச் சொல்லு."

உலகம்மாள் விழித்தாள். புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. "எங்க வீட்டுக்காரவுக பேரா?" என்றாள்.

"ஆமா."

"அவுக தாத்தா பேருதான்."

"தாத்தா பேரு என்ன?"

உலகம்மாள் மாமியார் முறைக்காரியான துரையின் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா, தன் மாமனார் பெயரை எப்படிச் சொல்வது என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் உலகம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். "இந்தா நிக்காகள்லா எங்க கொழுந்தன், இவுக பேருதான்," என்று துரையைக் கைகாட்டினாள்.

"இவரு பேருதான் உம் புருஷன் பேரா?"

"ஆமா. அதே பேருதான்."

துரை தலையில் கை வைத்துக்கொண்டான். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. இடுப்பிலிருந்த குழந்தைக்கு ஒன்றரை வயசு. தகப்பன் அஸ்ஸாமில் இருந்ததால், சுவரில் மாட்டிய யூனிபாரம் போட்ட போட்டோவைக் காட்டித்தான் அப்பா என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது அதுவரை துரையை வேட்டியில்தான் பார்த்திருந்தது. இப்போது பச்சை யூனிபாரத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, இரண்டு கையையும் நீட்டித் தாவியது.

"அப்பா," என்றது.

சுபேதார் கல்யாணப் போட்டோவை உலகம்மாளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"காப்பி சாப்புட்டுட்டுப் போங்க," என்றார் எழுந்து. அவருடைய கோபத்தையெல்லாம் விட அந்த மரியாதைதான் துரையைக் கொன்றது. இவ்வளவுதான், அகிலாண்டம் கைவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தான்.

வாசல்வரை வந்த சுபேதார் நின்றார். மனசு கேட்கவில்லை. இந்தப் பையனை அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. "ஹவில்தார், ஒண்ணு செய்யும். லீவு முடிஞ்சு போயி, எனக்குக் கல்யாணம் ஆகலன்னு ஆபீஸ்ல ஒரு சர்டிபிகேட் வாங்கி அனுப்பும். முத்திரை இருந்தா நான் நம்புவேன். ஆவணிலயோ தையிலயோ பாத்துக்கிடலாம்."

நல்ல வழிதான். யாருக்கும் தெரியாமல் தன் பதிவை மட்டும் சரி செய்துகொள்ளலாம். விதி எழுதியவன் பெயரும் கெடாது. துரை அந்த வழியில் இரண்டு எட்டு நடந்தான், மனசுக்குள். மூன்றாவது எட்டில் நின்றுவிட்டான். அடுத்த திங்கட்கிழமை ஒரு ஜெனரல் வந்து புது ஏற்பாட்டை முறைப்படி தொடங்கிவைக்க இருந்தார். தொடங்கியதும் பழைய அட்டைகளைக் கொளுத்திவிட வேண்டும் என்று உத்தரவு. அட்டைகள் போய்விட்டால், தன்னைப் போல எடுபட்டவர்களைத் திரும்பச் சேர்க்க ஆதாரமே இருக்காது. நாலாயிரத்தில் எத்தனை பேர் நிஜமான ஆட்களோ? எந்த ஊரில் எந்தப் பெண், உன் புருஷன் என்று ஒருவன் பட்டாளத்திலேயே இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு நிற்பாளோ?

"சர்டிபிகேட் வேண்டாம் மாமா," என்றான். "நான் இப்பவே எங்க கர்னலுக்குப் போன் போடுதேன். தொடக்க விழாவ நிறுத்தச் சொல்லணும். நீங்களும் வாங்க. எனக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு அவரு வாயாலயே கேட்டுக்கிடுங்க."

"விழாவ நிறுத்துனா உமக்கு என்ன கிடைக்கும்?"

"நல்லா வாங்கிக் கட்டிக்கிடுவேன்."

சுபேதார் குடையை எடுத்துக்கொண்டார்.

குற்றாலம் தபால் ஆபீஸில் ஒரு போன் இருந்தது. துரை லைட்னிங் கால் புக் செய்தான். சாதாரணக் காலுக்கு எட்டு மடங்கு கட்டணம், ஆனால் உடனே கிடைக்கும். தபால் ஆபீஸ்காரர் தென்காசி எக்ஸ்சேஞ்சைப் பிடித்து நம்பரைச் சொல்லிவிட்டு, ரிசீவரைத் துரையிடம் கொடுத்தார்.

"தென்காசி," என்றது ஒரு குரல்.

அந்தக் குரலை அவன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவான்.

"பேசுங்க. தென்காசி."

"நான்... குற்றாலத்துலேர்ந்து," என்றான்.

வீட்டில் நடப்பதெல்லாம் அவளுக்கும் தெரியும். முன்னைவிட இன்னும் கண்டிப்பான ஆபீஸ் குரலில், "லைன்ல இருங்க, கனெக்ஷன் தாரேன்," என்றாள்.

திருநெல்வேலி, மதுரை, மெட்ராஸ் என்று ஒவ்வொரு ஊராக அவள் கூப்பிடுவது கேட்டது. கடைசியில் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து ஒரு இரைச்சல் வந்தது. மழைக்காலத்துக் கம்பி. கர்னல் பேசுகிறாரா, கடல் பேசுகிறதா என்று தெரியவில்லை. துரை கத்திப் பார்த்தான். சுபேதார் ரிசீவரில் தன் காதையும் வைத்துப் பார்த்தார். இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"எனக்கு ரெண்டு பக்கமும் கேக்குது," என்றாள் அகிலாண்டம். "நீங்க சொல்லுங்க, நான் அவருகிட்ட சொல்லுதேன். அவரு சொல்லுதத உங்ககிட்ட சொல்லுதேன்." லைன் மோசமாக இருந்தால் ஆபரேட்டர்கள் அப்படிச் செய்வது உண்டுதான்.

துரை மூச்சை இழுத்துக்கொண்டான். "திங்கக்கிழமை விழாவ நிறுத்தணும். பழைய அட்டை ஒண்ணக்கூட எரிக்கக் கூடாது. நான் எழுதுன விதி தப்பு. நிஜமான ஆட்களையும் எடுத்துட்டோம்."

அவள் அதை இங்கிலீஷில் சொல்வது மெல்லக் கேட்டது. ஒரு இடத்திலும் அவள் குரல் தடுமாறவில்லை.

"எத்தன பேருன்னு கேக்காரு."

"தெரியாது. ஒருத்தர் நிச்சயம். அது நான்தான்னு சொல்லுங்க."

அவள் சொன்னாள். "ஒண்ணும் பேசல. மூச்சு விடுத சத்தம் மட்டும் கேக்குது," என்றாள். பிறகு, "இப்ப திட்டுதாரு. திட்டுததையும் சொல்லணுமா?"

"வேண்டாம்."

"திட்டி முடிச்சிட்டாரு. அட்டைய எரிக்க மாட்டாங்களாம். விழாவத் தள்ளி வைக்காராம். இத இப்பவாவது சொன்னியேங்காரு."

துரைக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கிற்று. அதற்குள் சுபேதார் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். "யம்மா, நான் அப்பா பேசுதேன். இவனுக்குக் கல்யாணம் ஆயிட்டா இல்லையான்னு அவருகிட்ட கேளு."

தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி உண்டா என்று அகிலாண்டம் ஒரு கர்னலிடம், ஆபீஸ் குரலில் கேட்டாள். தபால் ஆபீஸில் மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். மணியார்டர் அனுப்ப வந்த ஒருவரும் நின்றார்.

"ஆகலையாம்," என்றாள். இப்போதுதான் அந்தக் குரல் லேசாக நடுங்கிற்று. "பொண்ணுக்குப் பூ வைக்கணும்னு சொல்லித்தான் லீவே வாங்குனாராம். கர்னல்தான் கையெழுத்துப் போட்டாராம்."

சுபேதாரின் மீசை விரிந்தது. பட்டாளமே சொல்லிவிட்டது. "மாப்பிள்ளை," என்று துரையின் தோளில் ஒரு அடி வைத்தார். வலித்தது. துரைக்கு அந்த வலி அவ்வளவு பிடித்திருந்தது.

"இருங்க, இன்னும் சொல்லுதாரு," என்றாள் அகிலாண்டம். "லீவ ரத்து பண்ணிட்டாராம். உடனே கிளம்பி வரணுமாம்."

சந்தோஷம் அப்படியே நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை இல்லாமல் பூ வைப்பதா? அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. ஆடியில் நல்ல காரியத்தைப் பற்றி யாரும் மூச்சு விடமாட்டார்கள். ஆவணியில் லீவு கிடைக்குமோ, தையாகுமோ. சுபேதார் முகம் சுருங்கி, "சரி, கடமைதான முக்கியம். தையில பாப்போம்," என்றார்.

இரைச்சல் கொஞ்ச நேரம் நீண்டது.

"இன்னும் ஒண்ணு சொல்லுதாரு," என்றாள் அகிலாண்டம், நிறுத்தி நிதானமாக. "நாளைக்குக் காலைல பூ வச்சு முடிச்சிட்டு, சாயங்கால மெயில் வண்டிக்குக் கிளம்புனாப் போதுமாம். இது அவரு ஆர்டராம். பொண்ணு வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லச் சொன்னாரு."

சுபேதார் தபால் ஆபீஸ் நடுவில், கையில் ஈரக் குடையோடு, விறைப்பாக நின்றார். "யெஸ் சார்," என்றார் ரிசீவருக்குள். மணியார்டர்காரரும் எதற்கும் இருக்கட்டும் என்று நிமிர்ந்து நின்றார்.

ஆர்டர் என்று வந்துவிட்டால் சுபேதாரைக் கையில் பிடிக்க முடியாது. அன்று பொழுது சாய்வதற்குள் பந்தல் போட்டாயிற்று. லாட்ஜில் தங்கியிருந்தவர்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுத்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு மில் முதலாளி வாழையிலை நறுக்கினார், ஒரு டாக்டர் தேங்காய் துருவினார். திட்டு வாங்கிக்கொண்டே செய்தார்கள், சந்தோஷமாகத்தான் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சாரல் விட்டு விட்டுப் பெய்தது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சனம் வந்து இறங்கிற்று. பழத்தட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் குரங்கு தூக்கிப்போக, நல்ல சகுனம் என்று ஒரு கட்சியும் கெட்ட சகுனம் என்று ஒரு கட்சியுமாகச் சண்டை போட்டு, கடைசியில் குரங்குக்குப் பசி என்று சமாதானமானார்கள். உலகம்மாள்தான் அகிலாண்டத்தின் தலையில் பூ வைத்தாள். இடுப்பிலிருந்த குழந்தை துரையைப் பார்த்து மறுபடியும் "அப்பா" என்றது. இந்தத் தடவை முதலில் சிரித்தவர் சுபேதார்தான். அகிலாண்டம் தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சாயங்காலம் மெயிலில் ஏறும்போது துரையின் சட்டையெல்லாம் சந்தனமும் பன்னீரும் மணத்தது.

கண்டோன்மெண்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு கூடை மங்குஸ்தானோடு கர்னலின் அறைக்குப் போனான். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனான். கர்னல் திட்டவில்லை. நாலாயிரம் அட்டைகளையும் நீயே ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும், எண்ணிக்கையைப் பார்க்காதே, பெயர்களைப் பார் என்று மட்டும் சொன்னார். விதியில் தாயார் பெயரையும் சேர்ப்பது என்று முடிவாயிற்று. பெரிய நல்லகண்ணு வீட்டம்மாவும் சின்ன நல்லகண்ணு வீட்டம்மாவும் ஒருநாளும் ஒரே ஆளாக முடியாது.

"சார், ரொம்ப நன்றி," என்றான் துரை. "அந்த நெருக்கடியிலும் பூ வைத்துவிட்டு வா என்று ஒரு நாள் கொடுத்தீர்களே."

கர்னல் மங்குஸ்தானை உடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எந்த ஒரு நாள்?"

"வெள்ளிக்கிழமை காலை பூ வைத்துவிட்டு, சாயங்கால வண்டிக்கு வரச் சொன்னீர்களே சார்."

"நான் சொன்னது இரண்டே வார்த்தை. உடனே வா. வியாழக்கிழமை கிளம்பியிருக்க வேண்டிய ஆள் ஏன் வெள்ளிக்கிழமை கிளம்பினாய் என்று நானே கேட்க இருந்தேன்." கர்னல் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "அதற்குப் பிறகு அந்த ஆபரேட்டர் பெண்தான், 'சரி சார், நானே அனுப்பி வைக்கிறேன்' என்று சொல்லி லைனைத் துண்டித்தாள். உங்கள் ஊரில் ஆபரேட்டர்கள் இவ்வளவு பொறுப்பாக இருப்பார்களா என்று எனக்கே ஆச்சரியம். யார் அது?"

துரை விறைப்பாக நின்றபடியே சிரித்தான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரென்று சொன்னான். கர்னல் நாற்காலியில் சாய்ந்து, மேஜை அதிரச் சிரித்தார்.

அட்டைகளைப் படிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. நானூறு பேருக்கு மேல் நிஜமான ஆட்கள். ராஜஸ்தானத்துப் பங்காளிகள், கூர்க் பக்கத்து ஒரே வீட்டுப் பெயர்க்காரர்கள், ராமநாதபுரத்து முனியசாமிகள். எல்லாரையும் துரை தன் கையால் திரும்பச் சேர்த்தான். தன்னையும் சேர்த்துக்கொண்டான். மனைவி என்ற இடத்தில் கை நின்றது. அதைக் காலியாக விட்டான்.

அன்று மத்தியானம் தென்காசிக்கு டிரங்க் கால் புக் செய்தான். எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டார்கள். நம்பர் வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டரிடமே பேச வேண்டும் என்றான். லைன் பளிச்சென்று கிடைத்தது.

"தென்காசி."

"கர்னல் ஒரு ஆர்டர் போட்டிருக்காரு," என்றான் துரை. "ஆவணி மொத முகூர்த்தத்துலயே கல்யாணத்த முடிச்சிரணுமாம்."

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்தது.

"நெசமாவே அவரு சொன்னாரா?"

"இல்ல."

"அப்பச் சரி," என்றாள் அகிலாண்டம். "அப்பாகிட்ட சொல்லிருதேன்."